30 ஹெர்ட்ஸ் தரவில் 12 மீட்டர் மணற்கல்லைத் தேடுவது பற்றி

கேள்வியின் சாரம் இதுதான். கடற்பகுதி ஒன்றில் எடுக்கப்பட்ட 3டி நில அதிர்வுத் தரவு (பூமிக்குள் அனுப்பிய அலை பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளின் பதிவு) கையில் இருக்கிறது; குறிவைக்கும் ஆழத்தில் அதன் முதன்மை அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், பயன்படக்கூடிய அகலம் ஏறத்தாழ 8 முதல் 65 ஹெர்ட்ஸ் வரை. அங்குள்ள ஒரே கிணற்றில், ஷேல் (களிமண் இறுகிய பாறை) அடுக்குகளுக்கு நடுவே 12 மீட்டர் தடிமனுள்ள மணற்கல் ஒன்று லாக்கில் (கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுக்கும் அளவீட்டுப் பதிவில்) தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எதிரொலியின் வலிமையைக் காட்டும் வழக்கமான வீச்சு வரைபடத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. எதிரொலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் நிறமாலைப் பகுப்பு செய்து பார்த்தால் கால்வாய் போன்ற ஓர் உருவம் தெரிகிறது. ஆனால் காலச் சாளரத்தை (பகுப்புக்கு எடுத்துக்கொள்ளும் பதிவுத் துண்டின் நீளத்தை) 100 மில்லி வினாடியிலிருந்து 40-ஆகக் குறைத்தால் உருவமே மாறிவிடுகிறது. எந்தப் படத்தை நம்புவது?

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதிர்வெண் பண்புக்கூறுகள் (தரவின் அதிர்வெண்களிலிருந்து இப்படிக் கணக்கிட்டெடுக்கும் அளவுகள்) தரவில் இல்லாத எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. மெல்லிய பாறை அடுக்கான மென்படலத்தின் மேல், கீழ் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்த கலவையை அவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான். ஆகவே வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு நிறமும் முதலில் தடிமனைப் பற்றிய ஒரு கூற்று. பாறை வகையைப் பற்றிய கூற்று அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

உங்கள் மணற்கல்லையே எடுத்துக்கொள்வோம். கிணற்றில் ஒலியின் வேகத்தை அளக்கும் சோனிக் லாக் அதில் அலை வேகம் வினாடிக்கு 2400 மீட்டர் என்று காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 ஹெர்ட்ஸில் அலைநீளம் 80 மீட்டர். அதில் கால் பங்கு 20 மீட்டர், எட்டில் ஒரு பங்கு 10 மீட்டர். படலம் கால் அலைநீளத்தைவிடத் தடிமனாக இருந்தால்தான் அதன் மேற்பரப்பும் அடிப்பரப்பும் தனித்தனி எதிரொலிகளாகப் பிரிந்து தெரியும். அதற்குக் கீழே போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அலையாகத் தோன்றும். எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அந்த அலையின் வடிவம்கூட மாறாது, உயரம் மட்டுமே குறைந்துகொண்டு போகும் என்பதை 1973-இல் நில இயற்பியலாளர் வைடஸ் எடுத்துக்காட்டினார். உங்கள் 12 மீட்டர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது, பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் அதன் தடம் அலையின் வடிவத்தில் பதிந்திருக்கிறது. அதிர்வெண் பண்புக்கூறுகளுக்கு மிக ஏற்ற இடம் இதுதான்.

அந்தத் தடம் எப்படிப் பதிகிறது? அலை மணற்கல்லின் வழியாக இறங்கி, அடிப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் 10 மில்லி வினாடி. ஷேல், மணல், ஷேல் என்ற வரிசையில் மேற்பரப்பு எதிரொலி ஒரு குறியிலும் அடிப்பரப்பு எதிரொலி அதற்கு எதிர்க்குறியிலும் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் அலைக்கு 10 மில்லி வினாடி என்பது முழுதாக ஒரு சுற்று; எனவே எதிர்க்குறியுள்ள இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது அரைச் சுற்று. எதிர்க்குறியோடு அரைச் சுற்றும் சேர, இரண்டும் கைகோத்து வீச்சை இரு மடங்காக்கும். ஆக 12 மீட்டர் மணற்கல் 50 ஹெர்ட்ஸில் பளிச்சென்று தெரியும், 100 ஹெர்ட்ஸில் மறைந்துபோகும். 20 மீட்டராக இருந்தால் உச்சம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 மீட்டராக மெலிந்தால் 60 ஹெர்ட்ஸுக்கு ஏறும். ஜலதரங்கக் கிண்ணத்தில் நீர் கூடினால் சுருதி இறங்குவதும் குறைந்தால் ஏறுவதும் நினைவுக்கு வரலாம். காரணம் வேறு என்றாலும் திசை ஒன்றுதான். துறையில் இதை ட்யூனிங் என்றே சொல்கிறோம்.

இந்த எளிய கணக்கைக் கால்வாய்களைத் தேடும் கருவியாக மாற்றியதில் முக்கியமானது 1999-இல் பார்ட்டிகா, கிரிட்லி, லோபஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை. மெக்சிகோ வளைகுடாவில், பிளைஸ்டோசீன் (பனியுக) காலத்து மிசிசிப்பி ஆற்றின் புதைந்த கால்வாய்களை அவர்கள் அதிர்வெண் வாரியாகப் பிரித்து அடுக்கிக் காட்டினார்கள். அதற்கு முன்பும் அதிர்வெண்ணை யாரும் பார்க்காமல் இல்லை. டேனர், கோலர், ஷெரிஃப் ஆகியோர் 1979-லேயே கணநேர அதிர்வெண் என்ற பண்புக்கூறை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ஒவ்வொரு கணத்துக்கும் ஒரே ஓர் எண்ணைத் தருவது. இரண்டு எதிரொலிகள் மோதும் இடத்தில் அந்த எண் தாறுமாறாக எகிறும், சில சமயம் எதிர்மறையாகவும் போகும். பழகிய கண்ணுக்கு அந்த எகிறலே ஒரு தடயம் என்பது உண்மை. படலம் மெலிந்து முடியும் விளிம்புகளை நான் அதை வைத்தே சந்தேகித்ததுண்டு. இருந்தாலும், தடிமனைக் கணக்கிட வேண்டுமென்றால் ஒரே எண் போதாது, முழு நிறமாலையும் வேண்டும்.

இப்போது சாளரக் குழப்பத்துக்கு வருவோம். 100 மில்லி வினாடிச் சாளரம் அடுத்தடுத்த அதிர்வெண்களை ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தறியும். ஆனால் உங்கள் வேகத்தில் அது 120 மீட்டர் பாறையை ஒருசேர விழுங்குகிறது. அந்த 120 மீட்டரில் உங்கள் மணற்கல்லோடு மேலும் கீழும் இருக்கும் பல படலங்களும் சேர்ந்துகொள்ளும். அவற்றின் உச்சங்களும் பள்ளங்களும் ஒன்றையொன்று சமன்செய்துவிட, மிஞ்சுவது பெரும்பாலும் மூல அலைத்துடிப்பின் (பூமிக்குள் அனுப்பிய அலையின்) நிறமாலைதான். 40 மில்லி வினாடிச் சாளரம் 48 மீட்டர் பாறையை மட்டும் பார்க்கிறது, எனவே மணற்கல்லின் கையொப்பம் அதில் வலுவாக இருக்கும். ஆனால் அதிர்வெண் பிரித்தறிதல் 25 ஹெர்ட்ஸாகத் தேய்ந்துவிடும், 40 ஹெர்ட்ஸ் படத்துக்கும் 50 ஹெர்ட்ஸ் படத்துக்கும் பெரிய வேறுபாடு இராது. ஆக உங்கள் இரண்டு படங்களில் எதுவும் பொய்யில்லை. வெவ்வேறு தடிமனுள்ள பாறைத் துண்டுகளைப் பற்றிய இரண்டு வெவ்வேறு விடைகள் அவை. நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே சமயத்தில் விரும்பிய அளவுக்குக் கூர்மையாக்க முடியாது என்பதை 1946-இல் இயற்பியலாளர் காபர் நிறுவினார். எந்த மென்பொருளும் அந்த எல்லையைத் தாண்டிவிடாது.

வேவ்லெட் உருமாற்றம் என்ற இன்னொரு பகுப்பு முறை இந்தத் தளையை அவிழ்ப்பதில்லை, ஆனால் புத்திசாலித்தனமாகப் பங்கிடுகிறது: குறைந்த அதிர்வெண்ணுக்கு நீண்ட சாளரமும், உயர்ந்த அதிர்வெண்ணுக்குக் குறுகிய சாளரமும் தானாக அமைந்துகொள்கின்றன. இந்த முறையின் வேரே எண்ணெய்த் தேடலில்தான் இருக்கிறது. பிரான்சின் எல்ஃப் அக்விட்டேன் நிறுவனத்தில் பணியாற்றிய ழான் மோர்லே நில அதிர்வுப் பதிவுகளைப் பகுக்க வழி தேடி 1980-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். உங்கள் தேவைக்கு, பாறைத் தளத்தைச் (தரவில் நீங்கள் தொடர்ந்து குறித்த பாறை எல்லையைச்) சுற்றி 50 முதல் 60 மில்லி வினாடி வரையிலான சாளரத்தில் ஃபூரியர் உருமாற்றம் (ஒரே நீளச் சாளரம் கொண்ட வழக்கமான பகுப்பு) ஒன்றும், மோர்லே வேவ்லெட் கொண்டு ஒன்றும் செய்து, இரண்டிலும் நிலைத்து நிற்கும் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தளத்தைப் பின்பற்றிச் சாளரம் வைப்பது மிகவும் முக்கியம். தளம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் சாளரம் ஓரிடத்தில் மணற்கல்லையும் இன்னோரிடத்தில் மேலிருக்கும் ஷேலையும் வெட்டியெடுக்கும். அந்தத் தையல் கோடு வரைபடத்தில் அசல் கால்வாய்க் கரை போலவே வந்து நிற்கும்.

பகுப்புக்குப் பிறகு ஒவ்வோர் அதிர்வெண் படத்தையும் சமன்செய்யாமல் பார்க்காதீர்கள். மூல அலைத்துடிப்பில் 30 ஹெர்ட்ஸ் வலுவாகவும் 55 ஹெர்ட்ஸ் நலிந்தும் இருப்பதால், சமன்செய்யாத தரவில் எல்லாப் படலமும் 30 ஹெர்ட்ஸில்தான் பளிச்சிடும். தளம் முழுவதற்குமான சராசரி வீச்சை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் அலைத்துடிப்பின் செல்வாக்கு பெருமளவு நீங்கிவிடும். ஆனால் 65 ஹெர்ட்ஸுக்கு மேல் இதைச் செய்தால் இரைச்சலைத் தூக்கி மேடையேற்றுவதாக முடியும்.

இனி நிறங்கள். 25, 40, 55 ஹெர்ட்ஸ் படங்களை முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று கலக்கிறீர்கள் என்று கொள்வோம். அதிகபட்ச வீச்சு 1 எனில், 20 மீட்டர் மணற்கல் இந்த மூன்றிலும் 0.97, 0.87, 0.26 என்ற அளவுகளைத் தரும்; சிவப்பும் பச்சையும் மிகுந்து மஞ்சளாகத் தெரியும். உங்கள் 12 மீட்டர் தருவது 0.71, 0.95, 0.99, பச்சையும் நீலமும் ஓங்கிய வெளிர்நீலம். 6 மீட்டர் என்றால் 0.38, 0.59, 0.76, 3 மீட்டர் என்றால் 0.20, 0.31, 0.42. கடைசி இரண்டையும் கூர்ந்து பாருங்கள். சிவப்புக்கும் நீலத்துக்குமான விகிதம் 6 மீட்டரில் 0.50, 3 மீட்டரில் 0.47. நிறம் ஏறக்குறைய ஒன்றேதான், வெளிச்சம் மட்டும் பாதியாகிவிட்டது. அப்படி மங்கிய நீலத்தைக் கண்டால் அது மெலிந்த நல்ல மணற்கல்லா, சற்றுத் தடித்த மட்டமான மணற்கல்லா என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. உச்ச அதிர்வெண் உங்கள் தரவின் 65 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் வர வேண்டுமென்றால் தடிமன் ஏறத்தாழ 9 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தடிமனைச் சொல்வதாகக் கூறும் எந்த வண்ண வரைபடத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

இந்தக் கணக்கெல்லாம் மேலும் கீழும் ஷேல் இருக்கும்போது மட்டும் செல்லும். மணற்கல் ஷேலைவிடக் கெட்டியாக இருந்து, அதன் அடியில் ஷேலுக்குப் பதிலாக மணற்கல்லையும்விடக் கெட்டியான சுண்ணாம்புக்கல் வந்துவிட்டால் இரண்டு எதிரொலிகளும் ஒரே குறியில் அமையும். அப்போது கணக்கு அப்படியே தலைகீழாகும். முன்பு உச்சம் கண்ட 50 ஹெர்ட்ஸிலேயே அதே 12 மீட்டர் படலம் காணாமல் போகும். கிணறு ஒன்றுதான் என்கிறீர்கள். கிணற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி அடிப்பாறை மாறியிருந்தால், மணல் தொடர்ந்து இருந்தும் வரைபடத்தில் அது முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

தடிமன் வேறு, பாறை வகை வேறு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு நான் விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், மும்மை நிறக் கலவையில் அத்தனை அழகான வளைந்தோடும் கால்வாய் ஒன்று தெரிந்தது. கரைகள் கத்தியால் வெட்டியது போல இருந்தன. அந்தப் படத்தைக் கூட்டத்தில் திரையிட்டபோது யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும்தான். கால்வாயின் நடுவே, நிறம் மிகவும் அடர்ந்திருந்த இடத்தில் தோண்டிய கிணறு முழுக்க முழுக்கக் களிமண்ணைத் தந்தது. தடிமன் கணக்கு சரியாகவே இருந்தது; ஆறு கைவிட்டுப்போன கால்வாயைச் சேறு வந்து நிரப்பியிருந்தது. மணல் கிடந்ததோ வளைவின் உட்புறக் கரையில், நாங்கள் மங்கல் என்று ஒதுக்கிய பகுதியில்.

அந்தத் தவறைத் தவிர்க்க அதே தரவில் ஒரு துப்பு இருந்தது. புதைந்த பிறகு களிமண் மணலைவிட அதிகமாக அமுங்கும். எனவே மணல் நிறைந்த கால்வாயின் மேலுள்ள தளம் காலப்போக்கில் மெல்லிய மேடாக எழுந்து நிற்கும். சேறு நிறைந்த கால்வாயின் மேல் தொய்ந்திருக்கும். கால்வாய்க்குச் சற்று மேலே உள்ள நல்ல தளம் ஒன்றைக் குறித்து, அதன் வளைமையைக் கணக்கிட்டு, நிறமாலைப் படத்தின் மீது படியவைத்துப் பாருங்கள். இரண்டு மில்லி வினாடி மேடுகூட நல்ல தரவில் தெரியும். அன்று நாங்கள் அதைச் செய்திருந்தால் தொய்வு எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

சிறு நிலப்பிளவுகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் அவை கால்வாய்க் கரைகளோடு குழம்புவதால் ஒரு சொல். 6 மீட்டர் மட்டுமே பெயர்ந்த பிளவு 5 மில்லி வினாடி வேறுபாட்டைத்தான் உண்டாக்கும். 20 ஹெர்ட்ஸில் அது 36 பாகைக் கட்ட மாற்றம் (அலைச் சுற்றில் ஏற்படும் விலகல்), கண்ணில் படாது. 60 ஹெர்ட்ஸில் 108 பாகை, கோடு உடைந்தது போலத் தெரியும். ஆகவே வீச்சுப் படத்தைவிட உயர் அதிர்வெண்ணின் கட்டப் படத்தில் பிளவுகளைத் தேடுவது பலன் தரும். பிளவாக இருந்தால் மேலே கீழே உள்ள தளங்களிலும் அதன் கோடு தொடரும், கால்வாய்க் கரை தன் மட்டத்தோடு நின்றுவிடும்.

போலிகளும் உண்டு. நீருக்கடியில் 15 மீட்டர் ஆழத்தில் ஸ்ட்ரீமர் (எதிரொலிகளைப் பதியக் கப்பல் இழுத்துச் செல்லும் கேபிள்) இழுக்கப்பட்டிருந்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் பேய் எதிரொலி சரியாக 50 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தை வெட்டும். உங்கள் மணற்கல்லின் உச்சமும் அங்கேதான். தரவு செயலாக்க அறிக்கையில் ஸ்ட்ரீமர் ஆழத்தையும், அந்தப் பேயை நீக்கினார்களா என்பதையும் முதலில் பாருங்கள். மேலே ஆழமற்ற வாயுத் தேக்கம் இருந்தால் அது உயர் அதிர்வெண்களை உறிஞ்சிவிடும். கீழே உள்ள எல்லாத் தளங்களிலும் அதே வடிவத்தில் சிவப்புத் திட்டு ஒன்று விழும். அதைத் தடித்த மணல் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே திட்டு பல தளங்களில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் மேலே இருக்கிறது என்று பொருள்.

வாயுவைச் சொன்னதால் குறை அதிர்வெண் நிழலையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயுத் தேக்கத்துக்கு நேர்க்கீழே குறைந்த அதிர்வெண் ஆற்றல் மிகுந்து காணப்படும் என்று டேனர் முதலானோர் எழுதினர். 2003-இல் கஸ்தான்யா குழுவினர் கணநேர நிறமாலை கொண்டு அதை விரிவாகக் காட்டினர். வாயு அலையை உறிஞ்சுவதே காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 20 மீட்டர் வாயு மணல், வேகம் வினாடிக்கு 2000 மீட்டர், உறிஞ்சல் தரக்காரணி (இது குறைந்தால் உறிஞ்சல் கூடும்) 30 என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும், இருவழிப் பயணத்தில் 20 ஹெர்ட்ஸ் அலை இழப்பது 4 சதவீதம், 60 ஹெர்ட்ஸ் அலை இழப்பது 12 சதவீதம். இவ்வளவு சிறிய வேறுபாடு வரைபடத்தில் தெரியும் அடர்ந்த நிழலைத் தருவதற்குப் போதாது. வேகம் தவறாக எடுக்கப்பட்டதால் நேர்ந்த குளறுபடி, படலங்களுக்குள் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் அலை என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கக்கூடும். நிழல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்; அதை மட்டும் நம்பிக் கிணறு தோண்டச் சொல்லாதீர்கள்.

கையைப் பழக்கிக்கொள்ள விரும்பினால், நெதர்லாந்தின் வடகடல் பகுதியில் எஃப்3 என்ற தொகுதியின் 3டி தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 1987-இல் எடுக்கப்பட்டது, ஏறத்தாழ 16-க்கு 24 கிலோமீட்டர் பரப்பு, 4 மில்லி வினாடிக்கு ஒரு மாதிரி, நான்கு கிணறுகள். இன்றைய பால்டிக் கடற்பகுதி வழியாக ஓடிவந்த எரிடானோஸ் என்ற தொல்லாறு கொட்டிய கழிமுகப் படிவுகள் அதில் சரிந்த அடுக்குகளாகத் தெளிவாகத் தெரியும். மேல்மட்டத்தில் வாயு நிறைந்த பளிச்சிடும் திட்டும் உண்டு. ஓப்பன்டிடெக்ட் என்ற திறந்த மூல மென்பொருளில் ஏற்றி, சரிவடுக்கு ஒன்றைத் தளமாகக் குறித்து, மேலே சொன்ன சாளரங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு மாலை நேரத்தில் பகுப்பின் குணம் பிடிபட்டுவிடும்.

உங்கள் தரவுக்குத் திரும்பினால், நான் செய்யக்கூடியது இந்த வரிசையில் இருக்கும். கிணற்றுக்கு அருகிலுள்ள எதிரொலிப் பதிவுகளிலிருந்து அலைத்துடிப்பை எடுத்து, 0 முதல் 30 மீட்டர் வரை தடிக்கும் ஆப்பு வடிவ மணற்கல் மாதிரி ஒன்றைச் செயற்கையாக உருவாக்குவேன். உண்மைத் தரவுக்குப் பயன்படுத்திய அதே சாளரம், அதே சமன்செய்தல், அதே மூன்று நிறங்களை அந்த ஆப்பின் மீதும் செலுத்தினால், எந்தத் தடிமன் எந்த நிறமாகும் என்ற விளக்கக்குறிப்பு உங்கள் தரவுக்கென்றே கிடைத்துவிடும். அதன்பின் கிணறு இருக்கும் புள்ளியில் வரைபடத்தின் நிறத்தைப் பாருங்கள். ஆப்பில் 12 மீட்டருக்கு உரிய வெளிர்நீலம் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் கால்வாயைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன் தளக்குறிப்பிலோ, கிணற்றையும் நில அதிர்வுத் தரவையும் பொருத்தியதிலோ உள்ள பிழையைத் தேடுங்கள். பொருத்தத்தில் 8 மில்லி வினாடி நகர்ந்திருந்தாலே நீங்கள் வேறொரு படலத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறம் பொருந்தினால், அங்கிருந்து மஞ்சளை நோக்கி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் மேல்தளம் மேடாக இருக்கிறதா தொய்ந்திருக்கிறதா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.